நின்று இறைக்கிற வண்டிக்கு ஒரு கராஜ்

வன்னியில் பழைய பெற்றோல் எஞ்சினுக்கு நல்ல கராஜ் எங்கே என்று யார் கேட்டாலும் நான் ஒரே இடத்தைத்தான் சொல்லுவேன். ஏ9 வீதியில் மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழி. வீதியோரம் பெரிய பாலை மரம், அதற்குக் கீழே தகரக் கொட்டில், முன்னால் எப்போதும் இரண்டு மூன்று லாண்ட்மாஸ்ரர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், கழற்றிப் போட்டபடி கிடக்கும். பெயர்ப்பலகை கிடையாது. கராஜை நடத்துகிற பெரியவர் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எங்கும் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. அந்தப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை எதிலாவது "பெற்றோல் எஞ்சின் ஐயா" என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

நான் கொண்டுபோனது காரும் இல்லை, வானும் இல்லை. ஒரு பழைய தீயணைப்பு வண்டி. மூக்கு வைத்த பெட்போர்ட் லொறி, 1958இல் வந்த ஜே வரிசை, ஆறு சிலிண்டர், 4.9 லீற்றர் பெற்றோல் எஞ்சின், பின்பக்கம் நிமிடத்துக்கு 500 கலன் இறைக்கக்கூடிய கொடிவா பம்ப், நடுவில் 400 கலன் தண்ணீர்த் தாங்கி. 2019இல் தென்னிலங்கையில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் இரும்பு ஏலத்தில் எடுத்தேன். ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை நிறுத்து விற்கிற நோக்கத்தில்தான் பார்த்தார்கள், எனக்கு மனம் கேட்கவில்லை. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்த இரவை நேரில் பார்த்தவன் நான். கடைக்காரர்கள் வாளியோடு நின்றார்கள். தண்ணீர் வண்டி வெளி மாவட்டத்திலிருந்து வந்து சேர்வதற்குள் எரியவேண்டியது எரிந்துவிட்டது. அந்தக் காட்சி மனத்தில் இருந்ததால்தான் இந்த வண்டியை வாங்கினேன். மாவட்டத்துத் தீயணைப்புப் பிரிவுக்குப் போட்டியாக இல்லை. வைக்கோல் போரோ, பனங்கூடலோ, மாட்டுக் கொட்டிலோ பிடித்தால் அவர்கள் வந்து சேரும்வரை ஊரில் ஒரு வண்டி நின்று இறைக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம்.

"நின்று இறைக்க" என்று எழுதியதைக் கவனியுங்கள். பழைய வண்டி திருத்துகிறவர்களில் பெரும்பாலானோர் பிழைவிடுகிற இடம் அதுதான். லொறி ஓடினால் சரி. தீயணைப்பு வண்டி ஓடுவது ஐந்து கிலோமீற்றர், அதற்குப் பிறகு ஒரே இடத்தில் நின்று இரண்டு மணித்தியாலம் முழுப் பாரத்தில் இயங்க வேண்டும். காற்று முகத்தில் அடிக்காது. பக்கத்தில் நெருப்பு. வன்னி வெயில் வேறு. ஓடும்போது தெரியாத குறைகள் எல்லாம் நிற்கும்போது தெரியவரும்.

இதைப் படித்தது எப்படி என்றால் முதலில் வேறொரு கராஜில் கொடுத்துக் கெட்டுத்தான். எந்த ஊர், யார் என்று எழுதப்போவதில்லை. பெரிய கட்டடம், கணினிச் சோதனை, சுத்தமான தரை. அங்கே எஞ்சினைத் திருத்தி, பளபளவென்று சிவப்பு அடித்துத் தந்தார்கள். வீடு வரைக்கும் அருமையாக ஓடி வந்தது. அடுத்த கிழமை வாய்க்காலில் உறிஞ்சு குழாயைப் போட்டு இறைத்துப் பார்த்தால் பதினெட்டாவது நிமிடம் சூட்டுமானி சிவப்பைத் தொட்டது, இருபதாவது நிமிடம் எஞ்சின் இருமி இருமி நின்றது, அப்புறம் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் ஸ்ரார்ட் ஆனது. திரும்பிக் கொண்டுபோனேன். ரேடியேற்றரைக் கழுவினார்கள், பெற்றோல் பம்பை மாற்றினார்கள், மீண்டும் அதே பதினெட்டு நிமிடம். மூன்றாம் முறை "இது பழைய எஞ்சின் அண்ணை, டீசல் எஞ்சின் ஒன்று போட்டுவிடுவம்" என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள், ஆனால் நான் அந்த எஞ்சினைக் காப்பாற்றத்தானே வாங்கினேன். இதற்கிடையில் 2020 வந்து எல்லாவற்றையும் பூட்டியது, அப்புறம் 2022. அந்த ஆனி மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் வரிசையில் நின்றால்தான். லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றரும் ஓடாத வண்டியை யார் வெளியே எடுப்பார்? கொட்டிலில் அப்படியே நின்றது.

2023 தைப்பொங்கல் கழித்து, ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிற உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் இந்தப் பெரியவரிடம் போனேன். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். எஞ்சினைத் திறக்கவே இல்லை. பின்னால் போய் பம்புக்குக் கீழே குந்தியிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் திருவிழாவிலை ஓட்டப்போறியோ, இல்லைத் தண்ணி இறைக்கப்போறியோ?" என்றார். இறைக்கத்தான் ஐயா என்றேன். "அப்ப இந்த மரக்கட்டையை ஆர் அடைச்சது?" என்று கேட்டு ஒரு குழாயைக் காட்டினார். பெருவிரல் அளவு செப்புக் குழாய் ஒன்று பம்பிலிருந்து கிளம்பி முன்னால் போகிறது, அதன் நுனியில் யாரோ மரக்கட்டை அடித்து, மேலே பெயின்றும் அடித்திருக்கிறார்கள். மூன்று வருடமாக நான் பார்க்காத கட்டை.

விஷயம் என்னவென்றால், இந்த மாதிரி வண்டிகளுக்கு ரேடியேற்றர் மட்டும் போதாது என்று கட்டியவர்களுக்கே தெரியும். அதனால் பம்ப் இறைக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு செப்புச் சுருளுக்குள் அனுப்புவார்கள். அந்தச் சுருள் எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணீருக்குள் இருக்கும். குளத்துத் தண்ணீரும் எஞ்சின் தண்ணீரும் கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறும். பம்ப் எவ்வளவு இறைக்கிறதோ அவ்வளவுக்கு எஞ்சின் குளிரும். எளிமையான, அழகான ஏற்பாடு. எங்கள் சுருளில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்யத் தெரியாத யாரோ குழாயையே அடைத்துவிட்டார்கள். பெரியவர் சுருளைக் கழற்றி, அமிலம் விட்டுக் கழுவி, ஓட்டை விழுந்த இரண்டு இடத்தில் பற்றவைத்துத் திரும்பப் போட்டார். அந்த ஒரு வேலைக்கு 14,000 ரூபா. அதற்கு முன்னால் நான் சூட்டுக் குறைக்காக வேறிடத்தில் செலவழித்தது ஒன்றரை இலட்சத்துக்கு மேல்.

அந்த மனிதருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கராஜின் முழுக் கதையும். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெற்றோல் வருவது நின்றுபோனது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் குழாய் பூட்டிய சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. என் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்தப் புகையின் மணம் இன்னும் மூக்கில் இருக்கும். அப்போது இளம் மெக்கானிக்காக இருந்தவர் இவர். மண்ணெண்ணெய் எஞ்சினை எப்படிக் கெடுக்கும் என்று வருடக்கணக்கில் பார்த்தவர். எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலில் கலக்கும், ஒயில் தண்ணியாகும், பெயாரிங் போகும். பிளக் கரியாகும். இத்தனைக்கும் நடுவில் வண்டியை ஓடவைத்தாக வேண்டும், ஏனென்றால் அதில் நோயாளி இருப்பார். அதனால் இன்றைக்கும் எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒயில் கம்பியை இழுத்து மணந்து பார்ப்பதுதான். என் வண்டியின் கம்பியையும் மணந்துவிட்டு, "பெற்றோல் இறங்குது" என்றார். கார்பரேற்றரில் காற்றைக் குறைக்கிற சோக் முழுதாகத் திறக்கவில்லை, பெற்றோல் மட்டத்தைப் பிடிக்கிற மிதவை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது. சின்ன ஓட்டையால் உள்ளே பெற்றோல் புகுந்த மிதவை. சுடுதண்ணீரில் அமுக்கினால் குமிழி வருகிற இடம் தெரிந்துவிடும். எந்தக் கணினியும் அதைச் சொல்லவில்லை.

இருமி நின்ற குறைக்கு வருகிறேன். சூடு குறைந்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை, நாற்பது நிமிடத்துக்கு மேல் இறைத்தால் எஞ்சின் மூச்சு வாங்கத் தொடங்கியது. பெரியவர் ஒரு சாக்குத் துண்டை நனைத்துப் பெற்றோல் பம்பின் மேல் போட்டார். அரை நிமிடத்தில் எஞ்சின் சரியாகியது. பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிறது, பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணறுகிறது, அவ்வளவுதான். இன்றைய வண்டிகளில் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. பழைய வண்டியில் எஞ்சினோடு ஒட்டிய பம்ப் தூரத்திலிருந்து உறிஞ்சி எடுக்கிறது, உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவதால் கொதிப்பது இன்னும் சுலபம். அவர் குழாயைப் புகைபோக்கியிலிருந்து ஒரு முழம் தள்ளி வேறு வழியால் கொண்டுபோனார், இடையில் ஒரு தகர மறைப்பு வைத்தார், கார்பரேற்றருக்குக் கீழே சூடு கடத்தாத தடித்த அடைப்பு ஒன்று வெட்டிப் போட்டார். புதுப் பொருள் எதுவும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குறை திரும்பி வரவில்லை.

எஞ்சினின் உள்வேலை நீண்ட கதை, எல்லாம் எழுதினால் முடியாது. ஆனால் வால்வு இருக்கைகள் பற்றி எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் பழைய பெற்றோல் வண்டி வைத்திருக்கிற பலருக்கு இது தெரியாமலே எஞ்சின் கெடுகிறது. அந்தக் காலத்து எஞ்சின்களில் புகை வெளியேறும் வால்வு போய் உட்கார்வது வார்ப்பிரும்பின் மேலேயே. பெற்றோலில் கலந்திருந்த ஈயம் அந்த இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து காப்பாற்றியது. இலங்கையில் 2002உடன் ஈயப் பெற்றோல் போய்விட்டது. ஊரைச் சுற்றி மெதுவாக ஓடுகிற காருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் முழுப் பாரத்தில் மணிக்கணக்கில் நின்று இறைக்கிற எஞ்சினில் வால்வு செந்தணலாகி, இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு உள்ளே போகும். அறிகுறி என்னவென்றால் டப்பெற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பகுதிக்கும் நடுவில் விடுகிற சின்ன இடைவெளி, ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வருவது. சத்தம் குறைகிறதே, நல்லதுதானே என்று நினைப்போம், கடைசியில் வால்வு மூடாமலே போய் எரிந்துவிடும். பெரியவர் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிக் காட்டினார், மூன்றாவதும் ஐந்தாவதும் கண்ணுக்கே தெரிகிற அளவு குழிந்திருந்தன. கடின உருக்கு வளையம் அடித்து இருக்கை வைப்பதற்கு ஹெட் கொழும்புக்குப் போய்வந்தது. பிஸ்ரனும் ரிங்கும் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினோம். நான் மூன்று தரம் பஸ் ஏறிப் போனேன். சந்துக்குள் ஒரு கடையில் எண்ணெய்க் கடதாசியில் சுற்றியபடி ஒரு முழு செற், நாற்பது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) ஓவர்சைஸ், பெட்டியின் மேல் தூசி விரல் கனத்துக்கு. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

பெற்றோல் எந்த வகை போடுவது என்று பலர் கேட்கிறார்கள். 92 ஒக்டேன் தாராளமாகப் போதும், இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவு, 95 போடுவது வீண் காசு. பிளக்குக்கு மின்பொறி வரவைக்கிற பொயின்ற் பிளேற்றைக் கழற்றிவிட்டு எலெக்ரோனிக் இக்னிஷன் போடலாமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றார். "பொயின்ற் பழுதானால் மட்டைக் கடதாசித் துண்டாலை இடைவெளி வைச்சு வீட்டை போகலாம், அது பழுதானால் எறியத்தான் வேணும்" என்றார். இதில் எல்லோரும் ஒத்துப்போக மாட்டார்கள். நல்ல எலெக்ரோனிக் செற் வருடக்கணக்கில் தொல்லை தராது என்பதும் உண்மை. ஆனால் காட்டோரத்தில் நடு இரவில் நிற்கிற வண்டிக்கு அவர் சொன்னதுதான் சரி என்பது என் எண்ணம்.

அடுத்தது பம்ப். மெக்கானிக்குகள் பலர் கைவைக்கப் பயப்படுகிற பகுதி இது, இவர் மிக ஆறுதலாகச் செய்த பகுதியும் இதுதான். சுழல் பம்ப் தண்ணீரைத் தள்ளுமே தவிரக் காற்றைத் தள்ளாது. குளத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் முதலில் உறிஞ்சு குழாயில் இருக்கிற காற்றை எடுத்துவிட வேண்டும், அதற்கென்றே ஒரு சின்ன வக்கியூம் பம்ப் கூட இருக்கும். காற்றை எடுத்ததும் வெளியே இருக்கிற வளிமண்டலம் தண்ணீரை மேலே தள்ளிவிடும். கணக்குப்படி பத்து மீற்றர் வரை ஏறவேண்டும், நடைமுறையில் ஏழு ஏழரை மீற்றருக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. எங்காவது ஒரு மயிரிழை ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வராது, பம்ப் காய்ந்து சுற்றும், காய்ந்து சுற்றினால் தண்டைச் சுற்றியிருக்கிற கிராபைற் கயிறு எரிந்துபோகும். எங்கள் வண்டியில் அது எரிந்து கல்லாகிக் கிடந்தது. பழையதை ஊசியால் கிண்டி எடுக்கவே ஒன்றரை நாள். புதுக் கயிற்றை ஒவ்வொரு வளையமாக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி வைத்து இறுக்கினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும்படிதான் இறுக்கினார். நான் இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்றேன். வடிகிற தண்ணீர்தான் அந்தக் கயிற்றுக்குக் குளிர்ச்சியும் ஒயிலும், முழுதாக நின்றால் அடுத்த மாதமே தண்டு தேய்ந்துவிடும் என்று விளக்கினார். இப்போது அந்தச் சொட்டைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

காற்றுக் கசிவைச் சோதிக்க எல்லா வாயையும் மூடி வக்கியூம் பம்பைப் போட்டு, மானியில் 22 அங்குலம் வரைக்கும் இழுத்துவிட்டு நிறுத்திப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் பத்து அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது. முதல் தரம் ஒரு நிமிடத்திலேயே பூச்சியத்துக்கு வந்தது. மெழுகுதிரியைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டாகக் கொண்டுபோனார், சுடர் உள்பக்கம் வளைகிற இடம் ஓட்டை. மூன்று இடம் பிடித்தோம். ஒன்று வடிகால் குழாயின் திருகி, நூறு ரூபாய்ச் சாமான். ஐந்தாம் முறை ஐந்து நிமிடத்தில் நாலு அங்குலம் மட்டும் இறங்கியது. அன்றைக்குப் பின்னேரமே முத்தையன்கட்டு வாய்க்காலுக்குக் கொண்டுபோய் இறக்கினோம். தண்ணீர் ஏறி முதல் பீச்சல் மரங்களுக்கு மேலால் போனபோது கராஜ் பெடியள் மூன்று பேரும் கத்திய கத்தில் வாய்க்காலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் போனது. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இறைத்தோம். சூட்டுமானி நடுவிலேயே நின்றது. நான் ஒன்றும் பேசவில்லை, பேச வரவில்லை.

சரி, குறைகளையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் இதை வாசித்து வண்டி கொண்டுபோகிறவர் என்னைத்தான் திட்டுவார்.

முதலாவது காலம். ஐந்து மாதம் என்றார், பதினான்கு மாதம் ஆனது. பாதி உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்தது, அதில் அவர் பிழை இல்லை. மீதிப் பாதி, பெரும்போக விதைப்பு வந்தால் லாண்ட்மாஸ்ரர்களும் உழவு இயந்திரங்களும் வரிசையில் நிற்கும், நம்முடைய வண்டி பின்னுக்குப் போய்விடும். வயல்காரரைக் காக்கவைக்க முடியாது என்பார், நானும் வயல்காரன்தான், அதனால் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அவசரமான வண்டி என்றால் யோசியுங்கள். கொட்டிலும் சின்னது, பெரிய வண்டி வெளியில்தான் நிற்கும். மாரிக்கு நான் தறப்பாள் வாங்கிக் கட்டினேன், அப்படியும் சாரதியின் இருக்கையை எலி அறுத்துவிட்டது. கொடுக்கிறதென்றால் பொங்கலுக்குப் பிறகு கொடுத்து ஐப்பசி மழைக்கு முன்னம் எடுக்கப் பாருங்கள்.

இரண்டாவது வயரிங். இதில் அவர் கெட்டிக்காரர் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு வயர், எங்கிருந்து எங்கே போகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டியிருக்கும், இதுவும் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றினால் எதை எதை மாற்றவேண்டும் என்பதில் குழப்பம் வந்து, அம்மீற்றர் இப்போதும் தலைகீழாகத்தான் காட்டுகிறது, ஏறும்போது இறங்குவதாக. மின்வேலையை வவுனியாவில் தனியாகச் செய்விக்கலாம் என்று இருக்கிறேன்.

மூன்றாவது டிங்கரிங்கும் பெயின்றும். அவர் செய்வதில்லை, பக்கத்தில் ஒருவரிடம் கொடுக்கிறார். இடப்பக்க மட்காட்டில் துருவை முழுதாக வெட்டாமல் மேலே பூசிவிட்டார்கள், ஆறு மாதத்தில் கொப்பளித்தது. கதவுச் சட்டத்துக்குள் இருந்த உக்கிய மரத்துக்குப் பதிலாக முதிரை வைத்துத் தந்த தச்சுப் பாஸின் வேலை மட்டும் தங்கம், கதவு இப்போது ஒரு விரலால் மூடுகிறது.

நான்காவது, பில் கிடையாது. கொப்பியில் எழுதுவார், கேட்டால் வாசித்துக் காட்டுவார். கணக்கில் ஒரு ரூபா பிசகவில்லை, நான் என் பக்கத்தில் எழுதிவைத்ததோடு ஒத்துப் பார்த்தேன். எஞ்சின் வேலை சாமானோடு ஆறு இலட்சத்து நாற்பதினாயிரம், பம்ப் ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம், பிரேக் ஒன்றே கால் இலட்சம் அளவில். பிரேக் சிலிண்டர்களுக்குள் புது உறை அடித்து, ரப்பரெல்லாம் மாற்றியது அதற்குள் அடக்கம். ரயர் 8.25-20, அது இங்கே லொறிக் கடைகளில் கிடைக்கிற அளவு, தனியாக வாங்கினேன். பழைய ரயர்களில் தரையில் படுகிற பூ நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு. ஆயிரத்து எண்ணூறு லீற்றர் தண்ணீரைச் சுமக்கிற வண்டியில் பூவைப் பார்த்து ஏமாறக்கூடாது. உதவிச் சம்பளம், போக்குவரத்து, பெயின்ற், ரயர் எல்லாம் சேர்த்து பதினைந்து இலட்சத்தைத் தாண்டியது. காசைப் பார்த்தால் பெரிய காசுதான்.

வண்டியை எடுத்து வரும்போது பெரியவர் அரை நாள் என்னை இருத்தி வைத்துச் சொல்லித்தந்த பராமரிப்பு முறையும் இந்தச் சேவையில் ஒரு பகுதிதான் என்று நான் நினைக்கிறேன், எந்தக் கராஜ் அப்படி இருத்தி வைக்கிறது? மாதம் ஒருமுறை ஸ்ரார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது, ஸ்ரார்ட் பண்ணாமலே விடுவதைவிட மோசமாம். எஞ்சின் சூடாகாமல் நின்றால் உள்ளே ஈரமும் பெற்றோலும் ஒயிலில் தங்கிவிடும். எடுத்தால் இருபது நிமிடமாவது பம்பைப் பூட்டி இறைக்க வேண்டும். முடிந்ததும் பெற்றோல் குழாயை மூடிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கவிட வேண்டும், அப்போது கார்பரேற்றர் கிண்ணம் காலியாகும், பிசின் பிடிக்காது. பம்பை வடித்து, வக்கியூம் பம்புக்குக் கொஞ்சம் ஒயில் விட்டு வைப்பது. வாய்க்கால் தண்ணீர் எடுத்தால் பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது, மணல்தான் சுழலியைத் தின்னும். ஒயில் மாற்றுவதற்குக் கிலோமீற்றர் பார்க்காதே, மணித்தியாலம் பார், ஒரு மணித்தியாலம் நின்று இறைத்தால் ஐம்பது கிலோமீற்றர் ஓடினதாக எழுது என்றார். சாரதிப் பக்கக் கதவில் ஒரு கொப்பி தொங்குகிறது, அதில் எழுதுகிறேன். ஹோஸ்களை நிழலில் தூக்கிக் காயவிட வேண்டும், நனைந்தபடி சுற்றி வைத்தால் உக்கிப்போகும்.

2024 ஆவணியில் பக்கத்து ஊரில் வைக்கோல் போர் பிடித்தது. பின்னேரம் மூன்று மணி, நல்ல காற்று, இருபது யார் தூரம் தள்ளி மாட்டுக் கொட்டில். தாங்கியில் இருந்த 400 கலன் ஒரு ஹோஸுக்கு நாலு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, அந்த நாலு நிமிடத்தில் பெடியள் உறிஞ்சு குழாயை வாய்க்காலில் இறக்கிவிட்டார்கள், தண்ணீர் ஒரே இழுப்பில் ஏறியது. மாவட்டத்து வண்டி வந்து சேர்ந்தபோது கொட்டில் தப்பியிருந்தது. அவர்களோடு சேர்ந்து உள்ளே புகைந்ததைக் கிளறிக் கிளறி அணைக்க இரண்டரை மணித்தியாலம். எஞ்சினை ஒருமுறையும் நிறுத்தவில்லை. நான் பின்னால் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைத்திறொட்டிலைப் பிடித்தபடி சூட்டுமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அசையவில்லை. வந்த உத்தியோகத்தர் ஒருவர் பம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கே திருத்தினீர்கள் என்று கேட்டார். பாலை மரத்தைச் சொன்னேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன்னம் போங்கள், அதற்குப் பிறகு அவர் எந்த வண்டிக்குக் கீழே படுத்திருப்பார் என்று சொல்ல முடியாது, தொலைபேசியும் எடுக்கமாட்டார். கொமன்ரெயில் என்கிற புது வகை டீசல் வண்டிகளைக் கொண்டுபோகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார். பழைய பெற்றோல் எஞ்சின் எதுவானாலும் பார்ப்பார், மொறிஸ் மைனரோ லாண்ட்றோவரோ. முன்பணம் கேட்கமாட்டார், ஆனால் உதிரிப்பாகத்தை நாங்கள்தான் தேடிக்கொண்டுபோக வேண்டும், அதற்குப் பழையதைக் கழற்றிக் கையில் தருவார், அளவு எழுதித் தரமாட்டார். இப்போது இளைய மகன் கூட நின்று பழகுகிறான், மிதவை ஓட்டையைப் பிடித்தது அவன்தான். என் வண்டிக்கு டப்பெற் பார்க்கிற தவணை அடுத்த மாதம், இடைவெளி குறையாமல் இருக்கிறதா என்று அப்போது தெரியும்.